ஐந்து மாடி, ஒரே மாடிப்படி

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை பக்கம் சமீப வருடங்களில் எழும்பிய அடுக்குமாடிகளைப் பார்த்தால் பல ஒரே அச்சில்தான் இருக்கும். தரையில் வண்டி நிறுத்தத் தூண்கள், அதற்கு மேல் ஐந்து மாடி, அதோடு சரி. ஆறாவது மாடி போட்டால் வாங்க ஆள் இருப்பார்கள். ஆனாலும் நிறுத்திவிடுவார்கள். 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 18.30 மீட்டரில் ஒரு கோடு போட்டிருக்கின்றன. அதைத் தாண்டினால் உயர்மாடிக் கட்டடம். தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும், வாசலில் அகலமான சாலை இருக்க வேண்டும், கட்டடத்தைச் சுற்றித் தீயணைப்பு வண்டி வர இடம் விட வேண்டும். தாண்டாவிட்டால் இவ்வளவு கெடுபிடி இல்லை.

நானும் அப்படி ஒரு குடியிருப்பில், தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில், நான்காவது மாடியில் இருக்கிறேன். இருபது வீடு, ஒரு லிஃப்ட், ஒரு மாடிப்படி. உயர விஷயத்தில் கட்டியவர் விதியை மீறவில்லை, கோட்டுக்குள்தான் கட்டியிருக்கிறார். ஆனால் கோட்டுக்குக் கீழே இருக்கிறோம் என்கிற ஒரே காரணத்தால், இங்கே தீப்பிடித்தால் யார் பொறுப்பு என்கிற கேள்வியை யாரும் வாயெடுத்துக் கேட்பதில்லை. ஐந்தாவது மாடியில் மூட்டுவலியோடு தனியாக இருக்கும் அம்மாவுக்கு, கட்டடம் 17 மீட்டரா 19 மீட்டரா என்பதில் என்ன வித்தியாசம்? இறங்க வேண்டிய படி ஏறக்குறைய அதேதான்.

டெல்டாவில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. ஏழு வருட இடைவெளியில் மூன்று பெருந்தீயைப் பார்த்த பகுதி இது. 1997 ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோயில் குடமுழுக்கின்போது யாகசாலைப் பந்தல் பற்றிக்கொண்டது. 48 பேர் இறந்தார்கள். 2004 ஜனவரி 23, ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் மாடியில் போட்டிருந்த பந்தலில் தீ. மணமகன் உட்பட 50-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அதே வருடம் ஜூலை 16, வெள்ளிக்கிழமை, கும்பகோணம் காசிராமன் தெருவில் பள்ளிக்கூடம். கீழே சத்துணவுக் கூடத்தில் பிடித்த தீ மாடியின் கீற்றுக் கூரைக்குத் தாவி, எரியும் கூரை அப்படியே வகுப்பறைக்குள் விழுந்தது. 94 குழந்தைகள். ஒரே கட்டடத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகளை நடத்தினார்கள், மேலேயிருந்து இறங்கக் குறுகலான ஒரு மாடிப்படி.

மூன்று இடத்திலும் எளிதில் பற்றும் கூரை. மூன்று இடத்திலும் உள்ளே இருந்த கூட்டத்துக்கு வெளியே வரும் வழி போதவில்லை.

கீற்று எப்படி எரியும் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சித்திரை வெயிலில், காற்றுக் காலத்தில், ஒரு குடிசையில் பற்றினால் தெருவே போய்விடும். என் சிறு வயதில் அம்மாபேட்டைப் பக்கம் எங்கள் ஊரில் ஒரு தரம் அப்படிப் பிடித்தபோது, பெண்கள் வாய்க்காலிலிருந்து குடம் குடமாகக் கொண்டு வந்து ஊற்றினார்கள். ஆண்களில் சிலர் எரியும் வீட்டுப் பக்கமே போகவில்லை. காற்று எந்தத் திசையில் அடிக்கிறது என்று பார்த்து, அந்தப் பக்கம் நாலு வீடு தள்ளி ஒரு கூரையில் ஏறி, இன்னும் பற்றாத கீற்றை அரிவாளால் அறுத்துப் பிரித்துக் கீழே தள்ளினார்கள். அந்த வீட்டுக்காரர் தடுக்கவில்லை. தீ அங்கே வந்து சேர்ந்தபோது எரிய ஒன்றும் இல்லை, நின்றுவிட்டது. இன்றைக்குத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு பக்கம் பக்கமாகச் சொல்கிற தீத்தடுப்புக் கதவு, தீ தாங்கும் சுவர், மாடிக்கு மாடி கேபிள் போகும் துளைகளை அடைப்பது எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது இந்த யோசனைதான். தீ போகும் வழியை முன்கூட்டியே வெட்டி வைக்க வேண்டும். கூரையில் ஏறி அறுக்க முடியாத கட்டடத்தில், கட்டும்போதே அதைச் செய்தாக வேண்டும்.

கும்பகோணத்துக்குப் பிறகு பள்ளிக்கூடங்களில் கீற்றுக் கூரையை எடுக்கச் சொல்லி அரசு உத்தரவிட்டது. அந்தத் தீயை முன்வைத்துப் போடப்பட்ட வழக்கில் 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், கல்வி கற்கும் உரிமைக்குள் பாதுகாப்பான பள்ளிக்கூடமும் அடங்கும் என்று சொல்லி, நாட்டின் எல்லாப் பள்ளிகளிலும் தீயணைப்புக் கருவி வைக்கச் சொன்னது. பெரிய விஷயம், குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பள்ளிக்கூடத்திலிருந்து குழந்தை திரும்பி வருகிற வீட்டைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசவில்லை.

வீடுகளில் கீற்று போனதே தவிர, எரிகிற பொருள் போகவில்லை. ஃபோம் மெத்தை, சோபா, பாலியஸ்டர் திரைச்சீலை, பிவிசி ஃபால்ஸ் சீலிங், பிளைவுட் அலமாரி. இதில் ஃபோம் எரிந்தால் வரும் புகையில் கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் இருக்கும். நாலு மூச்சு இழுத்தால் தலை சுற்றும், அப்புறம் கால் நகராது. தீ விபத்தில் இறப்பவர்களில் நிறைய பேரைத் தீ தொடுவதே இல்லை, புகைதான் முடித்துவிடுகிறது. இப்போது புதுக் கட்டடங்களின் முகப்பில் பளபளவென்று ஏசிபி பலகை ஒட்டுகிறார்கள். இரண்டு மெல்லிய அலுமினியத் தகடு, நடுவில் ஒரு நிரப்பு. மலிவான ரகத்தில் அந்த நிரப்பு பாலிஎத்திலீன் பிளாஸ்டிக்.

அது என்ன செய்யும் என்பதை 2017 ஜூன் 14 அன்று லண்டனில் பார்த்தார்கள். கிரென்ஃபெல் டவர், 24 மாடி, ஒரே மாடிப்படி. நான்காவது மாடியில் ஒரு வீட்டுச் சமையலறையில் ஃபிரிட்ஜிலிருந்து கிளம்பிய தீ. இரவு 12.54-க்கு முதல் அழைப்பு. சாதாரணமாக அந்தச் சமையலறையோடு முடிந்திருக்க வேண்டும். ஜன்னல் வழியாக வெளிச்சுவருக்குத் தாவி, அதற்கு முந்தைய வருடம்தான் ஒட்டி முடித்திருந்த பலகையைப் பிடித்துக்கொண்டு, அரை மணி நேரத்துக்குள் உச்சிக்குப் போய்விட்டது. உள்ளே இருந்தவர்களிடம் வீட்டிலேயே இருங்கள் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு வீட்டில் பிடித்தது அடுத்த வீட்டுக்குப் போகாது என்ற நம்பிக்கையில் வகுத்த வழிமுறை அது. அதை மாற்றி எல்லோரும் வெளியேறுங்கள் என்று சொல்லும்போது மணி 2.47. 72 பேர் இறந்தார்கள். ஆபத்து இருக்கிறது என்று குடியிருந்தவர்கள் முன்பே எழுதி எழுதி எச்சரித்திருந்தார்கள்.

லண்டனில் இன்னொரு குடியிருப்பில் என் சித்தப்பா மகன் வீடு வாங்கியிருந்தான். அவன் கட்டடத்திலும் அதே மாதிரி பலகை. கிரென்ஃபெல்லுக்குப் பிறகு வெளிச்சுவருக்குச் சான்று இல்லாமல் வங்கி கடன் தரவில்லை, அதனால் விற்கவும் வழியில்லாமல் போனது. "ராத்திரி முழுக்க ஒரு ஆளு மாடி மாடியா நடந்து எங்கயாவது தீப்பிடிக்குதான்னு பாக்குறாருக்கா. அவரு சம்பளத்தை எங்க தலையில போட்டுட்டாங்க. பலகைய ஒட்டினது நாங்களா?" என்று போனில் பொருமினான். அவன் கேட்டதில்தான் எல்லாம் இருக்கிறது. ஒட்டியவர் ஒருவர், ஒட்டலாம் என்றவர் ஒருவர், பலகையைத் தயாரித்து நல்லது என்று விற்றவர் ஒருவர், பணம் கட்டுவது மட்டும் உள்ளே குடியிருப்பவர்.

கிரென்ஃபெல் விசாரணை ஆணையத்தின் இறுதி அறிக்கை 2024 செப்டம்பர் 4-ல்தான் வந்தது. ஏழு வருடம். அந்த இறப்புகள் எல்லாமே தவிர்த்திருக்கக்கூடியவை என்றார் நீதிபதி மார்ட்டின் மூர்-பிக். அரசு, உள்ளாட்சி, கட்டடக்கலைஞர், ஒப்பந்தக்காரர், பொருள் தயாரித்த கம்பெனிகள் என்று பொறுப்பு எல்லோர் மீதும் விழுந்தது. எல்லோர் மீதும் விழுகிற பொறுப்பு யாரையும் அழுத்துவதில்லை என்பதை நம் ஊரில் நாம் முன்பே பார்த்துவிட்டோம்.

கும்பகோணம் வழக்கில் தஞ்சாவூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன நாள் 2014 ஜூலை 30. தீ நடந்து பத்து வருடம். விசாரிக்கப்பட்ட 21 பேரில் 11 பேர் விடுதலை. பத்துப் பேருக்குத் தண்டனை, நிறுவனருக்கு ஆயுள். அந்தப் பத்துப் பேரில் தாளாளர், தலைமை ஆசிரியை, சத்துணவு அமைப்பாளர், சமையல் செய்தவர், கல்வித் துறை அலுவலர்கள், கட்டடத்துக்குச் சான்று கொடுத்த பொறியாளர் எல்லோரும் இருந்தார்கள். 2017 ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனையை நீக்கி, நிறுவனர் ஏற்கெனவே சிறையில் இருந்த காலம் போதும் என்றது. மற்றவர்களில் பலரை விடுவித்தது. நீதிமன்றம் தன் முன்னால் இருக்கும் சாட்சியத்தை வைத்துத்தான் தீர்ப்பு எழுத முடியும். எனக்கு ஆறாத விஷயம் வேறு. 94 குழந்தைகள் போன பிறகு, யார் எதற்குப் பொறுப்பு என்று தேட ஆரம்பித்தால் பத்து வருடம், பதின்மூன்று வருடம் ஆகிறது. அந்தப் பட்டியல் தீக்கு முந்தின நாளே தெளிவாக இருந்திருந்தால், அதில் யாராவது ஒருவராவது சமையல் கூடத்துக்கு மேலே கூரையை நிமிர்ந்து பார்த்திருக்க மாட்டாரா? ஒவ்வொரு ஜூலை 16-ம் பெற்றோர்கள் அந்தப் பள்ளி வாசலில் படங்களை வைத்து அஞ்சலி செலுத்துகிறார்கள். அந்தக் குழந்தைகள் இருந்திருந்தால் இன்று நம்மைப் போலத் தங்களுக்கென்று வீடு தேடிக்கொண்டிருப்பார்கள்.

எங்கள் குடியிருப்புக்கு வருகிறேன்.

போன கோடையில் அடிக்கடி ஒரு ஃபேஸ் போய்ப் போய் வந்தது. எலக்ட்ரீஷியன் தம்பி ஒருவரை வரவழைத்தோம். மீட்டர் பலகை மாடிப்படிக்கு அடியில், மரச்சட்டத்தில் இருக்கிறது. கூட நின்று டார்ச் அடித்தேன். மூடியைக் கழற்றியதும் அவர் எதையும் தொடவில்லை, முதலில் மூக்கைத்தான் கிட்டே கொண்டுபோனார்.

"வாசனை வருதா பாருங்கக்கா."

வந்தது. பிளாஸ்டிக் தீய்ந்த வாடை, லேசாக. மெயின் கேபிள் இணைப்பில் ஒரு கம்பியின் சிவப்பு உறை விரற்கடை நீளத்துக்குக் கறுத்து, மொறுமொறுவென்று வெடித்திருந்தது. உள்ளே செம்பு பச்சை பூத்துத் தெரிந்தது.

"இருபது வீட்டுலயும் ரெண்டு ரெண்டு ஏசி ஏத்திட்டாங்க. கீசர், இண்டக்‌ஷன் எல்லாம் வந்தாச்சு. கேபிள் மட்டும் கட்டினப்போ போட்ட அதே கேபிள்தானக்கா" என்றார். அப்புறம் பக்கத்தில் திரும்பிப் பார்த்து, "இதை யாரு இங்க வச்சது?" என்றார். மீட்டர் பலகையை ஒட்டி, பழைய செய்தித்தாள் கட்டுகள், யாரோ காலி செய்தபோது விட்டுப்போன ஒரு மெத்தை, கார்த்திகைக்கு வாங்கி மிஞ்சிய எண்ணெய் டின், இரண்டு மின்சார ஸ்கூட்டர், அதில் ஒன்று அங்கேயே ஒரு எக்ஸ்டென்ஷன் பெட்டியில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது.

நான் அந்த இடத்தில் நின்று மேலே பார்த்தேன். மாடிப்படியின் நடு இடைவெளி வழியே ஐந்தாவது மாடி வரை தெரிகிறது. கீழே இந்தப் பலகை பற்றினால், ஒரு நிமிடம் இரண்டு நிமிடத்தில் முழுப் புகையும் இந்த வழியாகத்தான் மேலே போகும். இருபது வீட்டுக்கும் இறங்குவதற்கு இருக்கும் ஒரே வழி புகைபோக்கியாகிவிடும். மாடிப்படி ஜன்னல்களுக்கு மழைச்சாரல் அடிக்கிறது என்று கண்ணாடி அடைத்திருக்கிறோம், புகை பக்கவாட்டில் போகவும் இடமில்லை. மேலே போய் மொட்டை மாடியில் நிற்கலாம் என்றால் அந்தக் கதவுக்குப் பூட்டு. தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, பசங்க ஏறுகிறார்கள் என்று போட்டது. சாவி எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் வீட்டில். செயலாளர் பாதி நாள் பெங்களூரில், மகள் வீட்டில்.

இது எங்கள் குடியிருப்புக்கு மட்டும் உள்ள கதை என்றால் எழுதியிருக்க மாட்டேன். நீங்கள் இருக்கும் கட்டடத்தில் மீட்டர் பலகை எங்கே இருக்கிறது, மொட்டை மாடிச் சாவி யாரிடம் இருக்கிறது என்று இப்போதே போய்ப் பாருங்கள்.

கேபிளை மாற்ற வேண்டும், பலகையை மாடிப்படியிலிருந்து வெளியே கொண்டுபோக வேண்டும் என்று முடிவு செய்ததும் முதலில் தேவைப்பட்டது மின்சார வரைபடம். கட்டியவர்களின் அலுவலகத்தில் கேட்டோம். "எல்லாத்தையும் சங்கத்துக்கிட்ட ஒப்படைச்சாச்சே மேடம்" என்றார்கள். முதல் செயலாளராக இருந்த சார் இன்னும் இரண்டாவது மாடியில்தான் இருக்கிறார். "எங்கிட்ட சாவிக்கொத்தும் லிஃப்ட் பேப்பரும்தான்மா கொடுத்தாங்க" என்றார். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனிக்கு லிஃப்டைத் தவிர எதுவும் தெரியாது. கட்டட அனுமதி கொடுத்த இடத்தில் விசாரித்தால், அனுமதி கொடுத்ததோடு எங்கள் வேலை முடிந்தது, பராமரிப்பு நீங்கள்தான் என்றார்கள். யாரும் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. ஒவ்வொருவரும் தன் பங்கை முடித்துக் கை கழுவியிருக்கிறார்கள். அந்தக் கறுத்துப்போன கம்பி மட்டும் யாருடைய பங்கிலும் வரவில்லை.

சட்டத்தில் இதற்கு இடமில்லாமல் இல்லை. 2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, கட்டி முடித்ததற்கான சான்றை வாங்கி வீட்டுக்காரர்களுக்கோ சங்கத்துக்கோ கிடைக்கச் செய்வது கட்டுபவரின் கடமை. பொது இடங்கள் உட்பட எல்லா வரைபடங்களையும் ஆவணங்களையும் சங்கத்திடம் ஒப்படைக்கவும் வேண்டும். வீடு கைக்கு வந்த ஐந்து வருடத்துக்குள் கட்டுமானத்திலோ வேலைத் தரத்திலோ குறை தெரிந்து சொன்னால், 30 நாளுக்குள் காசு வாங்காமல் சரிசெய்து தர வேண்டும் என்று 14-வது பிரிவு சொல்கிறது. வீடு வாங்கும்போது வாஸ்து பார்க்கிறோம், பத்திரத்தில் பெயர் எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கிறதா என்று மூன்று பேரை விட்டுப் படிக்கச் சொல்கிறோம். இந்தக் காகிதங்களைக் கேட்பவர்கள் குறைவு. சாவி வாங்கும் நாளில் கேட்டால் தருவதற்கு அவர்களுக்கு அவசரம் இருக்கும், கடைசித் தவணை நம் கையில் இருப்பதால். பிறகு கேட்டால் நமக்குத்தான் அவசரம்.

இன்னொரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும், இதில் கட்டுபவருக்குச் சம்பந்தமே இல்லை. கம்பிக் கதவு. எங்கள் கட்டடத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் மரக்கதவு ஒன்று, அதற்கு வெளியே இரும்புக் கதவு ஒன்று, அதற்கு உட்பக்கம் பூட்டு. பால்கனிக்கு மேலிருந்து கீழ் வரை கம்பி. திருடன் பயம், குரங்கு பயம், குழந்தை எட்டிப் பார்க்கும் பயம். எல்லாம் நியாயமான பயம்தான். டெல்டா ஊர்களில் அடுக்குமாடி வாங்கியவர்களில் நிறைய பேர் வயதானவர்கள். கிராமத்து வீட்டையும் நிலத்தையும் பங்காளிகளிடம் விட்டுவிட்டு, ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கட்டும் என்று சிங்கப்பூரிலோ சென்னையிலோ இருக்கும் பிள்ளைகள் வாங்கிக்கொடுத்த வீடு. இரவு பத்து மணிக்குப் பூட்டி, சாவியைச் சாமி அலமாரியில் வைத்துவிட்டுத் தூங்குவார்கள். கரண்ட் போன இருட்டில், புகையில், கண்ணாடி போடாமல், அந்தச் சாவியைத் தேடி எடுத்து, நடுங்கும் கையால் பூட்டின் துளையைத் தடவிக் கண்டுபிடிப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? எங்கள் எதிர்வீட்டு மாமியைக் கண்ணை மூடிக்கொண்டு திறக்கச் சொல்லிப் பார்த்தேன். பகலில், பதற்றமே இல்லாமல், அவருக்கு அது வரவில்லை. மறுநாளே பூட்டை எடுத்துவிட்டு உள்பக்கம் திருகினால் திறக்கும் தாழ் போட்டுக்கொடுத்தோம். பால்கனிக் கம்பியில் ஒரு ஆள் நுழையும் அளவுக்குக் கதவு வெட்டி, கீல் வைத்து, அதற்கும் உள்ளிருந்து திறக்கும் தாழ் வைக்கலாம். வெல்டிங் பட்டறையில் ஒரு நாள் வேலை.

படியில் புகை நிறைந்திருந்தால் அதற்குள் இறங்கக் கூடாது என்பதையும் மாமியிடம் சொன்னேன். கதவைச் சாத்தி, அடியில் ஈரத்துணி அடைத்து, பால்கனிக்குப் போய் நின்று, 101-க்கோ 112-க்கோ போன் செய்து எந்த மாடி, எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டும். தீ தன் வீட்டில்தான் என்றால் வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்திவிட்டு வர வேண்டும், சாத்திய கதவு மற்றவர்களுக்குச் சில நிமிடம் வாங்கிக்கொடுக்கும். லிஃப்ட் பக்கமே போகக் கூடாது.

ஒவ்வொரு மாடியிலும் தொங்கும் சிவப்பு சிலிண்டர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். மூன்றில் முள் பச்சையை விட்டுக் கீழே இறங்கிக் கிடந்தது, அட்டையில் தேதி முடிந்து நாளாகியிருந்தது. நிரப்பிவிட்டோம். கொஞ்சம் காசு, கொஞ்சம் கவனம், அவ்வளவுதான்.

கஷ்டமானது, பெயர் எழுதுவது.

கிரென்ஃபெல்லுக்குப் பிறகு பிரிட்டன் 2022-ல் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் குறைந்தது 18 மீட்டரோ ஏழு மாடியோ உள்ள குடியிருப்பு என்றால், அதற்கு இன்னார் பொறுப்பாளர் என்று பதிவு செய்தே ஆக வேண்டும். அது ஆளாகவும் இருக்கலாம், நிறுவனமாகவும் இருக்கலாம். கட்டடத்தின் வரைபடம், பயன்படுத்திய பொருள், செய்த மாற்றம் எல்லாவற்றையும் அவர் சேர்த்து வைத்திருக்க வேண்டும். குடியிருப்பவர் கேட்டால் பதில் சொல்ல வேண்டும். அந்த 18 மீட்டரும் நம்முடைய 18.30 மீட்டரும் ஏறக்குறைய ஒன்று. அங்கே அந்தக் கோட்டைத் தாண்டினால் பொறுப்பாளரின் பெயர் வேண்டும். இங்கே கோட்டைத் தாண்டினால் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் கோப்புக்குள் போய்விடும். பெயருக்கு உரியவரை வாசலில் பிடித்துக் கேட்கலாம்.

அதனால் சங்கக் கூட்டத்தில் ஒரு காகிதத்தை முன்வைத்தேன். மீட்டர் பலகைக்கு யார், தீயணைப்பு சிலிண்டருக்கு யார், மாடிப்படியில் சாமான் சேராமல் பார்க்க யார், மொட்டை மாடிச் சாவிக்கு யார், காவலாளிக்கு 101 அழைத்து என்ன சொல்ல வேண்டும் என்று பழக்கிவிடுவது யார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், போன் நம்பர், கடைசியாகப் பார்த்த தேதி. லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒட்ட வேண்டும்.

உடனே எதிர்ப்பு வந்தது. "எம்பேரை எதுக்கும்மா போடுற? நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா போலீஸு என்னையில்ல பிடிச்சுக்கிட்டுப் போவான்" என்றார் இரண்டாவது மாடி சார். சம்பளம் வாங்காமல் சங்க வேலை பார்க்கும் மனிதர், எழுபதைத் தாண்டியவர். அவர் பயம் நியாயமானது. கட்டியவர் தவறான கேபிள் போட்டிருந்தால் அதற்கு இந்த சார் சிறைக்குப் போகக் கூடாது. ஆனால் சிலிண்டர் காலி என்று தெரிந்தும் ஆறு மாதம் நிரப்பாமல் இருந்தால், அதற்குச் சங்கம் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். இந்த இரண்டையும் பிரித்து எழுதினோம். கட்டுபவரின் பங்கு என்று தனியாக ஒரு பகுதி, அதில் அவர்கள் தர வேண்டிய காகிதங்களும், எழுத்தில் கேட்ட தேதியும். சங்கத்தின் பங்கு தனியாக. வீட்டுக்காரர் பங்கு தனியாக: உங்கள் வீட்டு ஏசி லோடு, உங்கள் கேஸ் ட்யூப், உங்கள் ஸ்கூட்டர். அப்படிப் பிரித்த பிறகு சார் சாவிக்குத் தன் பெயரைப் போடச் சொன்னார்.

அரசிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. 18.30 மீட்டருக்குக் கீழே இருக்கும் அடுக்குமாடிகளையும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை யாராவது வந்து பார்க்க வேண்டும். மேலே எழுதிய மீட்டர் பலகை மாதிரி விஷயங்களை ஒரு தீயணைப்பு அலுவலர் கால் மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவார். அவர் எழுதும் குறிப்பை அந்தக் கட்டடத்தின் வாசலில் ஒட்ட வேண்டும், அடுத்து வீடு வாங்க வருகிறவர் படிக்கும்படி. தமிழ்நாட்டில் 2022-ம் ஆண்டு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம் வந்திருக்கிறது, சங்கம் அமைப்பதைக் கட்டாயமாக்குகிறது. தீ விஷயத்தில் கட்டுபவர், சங்கம், வீட்டுக்காரர் இவர்களில் யார் எதற்கு என்பதையும் அதே கையோடு வரையறுத்து, பெயரோடு பதிவு செய்ய வைக்க வேண்டும். பழுதுபார்க்கும் ஒப்பந்தங்களும் இதில் வர வேண்டும். 2025 நவம்பரில் ஹாங்காங்கின் தாய்போ பகுதியில், பராமரிப்புக்காகச் சாரம் கட்டி வலை போர்த்தியிருந்த எட்டுக் கோபுரங்களில் ஏழு எரிந்து 150-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த வலையைப் பற்றிக் குடியிருப்பவர்கள் முன்பே புகார் சொல்லியிருந்தார்கள். இங்கே பொங்கலுக்கு முன்னால் பெயிண்ட் அடிக்க நாம் போர்த்தும் பச்சை வலை என்ன ரகம் என்று ஒப்பந்தக்காரரிடம் கேட்டுவிட்டுக் கட்ட விடுங்கள்.

எங்கள் மாடிப்படியின் கீழே இப்போது மெத்தை இல்லை, செய்தித்தாள் இல்லை. ஸ்கூட்டர்களுக்குச் சுற்றுச்சுவர் ஓரமாகத் தனி பாயிண்ட் போட்டாகிவிட்டது. கறுத்த இணைப்பை வெட்டி மாற்றியிருக்கிறோம். கேபிளை முழுதாக மாற்றி, பலகையை வெளியே கொண்டுபோவது இன்னும் நடக்கவில்லை. எல்லா வீட்டுக்காரர்களின் சம்மதக் கையெழுத்தோடு மனு கொடுக்கலாம் என்று கூட்டத்தில் முடிவு. இரண்டு பேர் துபாயில் இருக்கிறார்கள், ஒருவர் வாடகைக்கு விட்டுவிட்டு போனை எடுப்பதே இல்லை. அவர் வீட்டு வாடகைதாரரிடம், மாத வாடகை அனுப்பும்போது இந்தக் காகிதத்தையும் சேர்த்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.